ஸ்பீக்கரின் முதுகில் ஒரு பெயர்!

குட்டீஸ்! உங்கள் வீட்டிலோ, மாமா வீட்டிலோ பாட்டுக் கேட்கும் ஹை-ஃபை செட் இருக்கிறதா? இருந்தால், பெரியவர்களிடம் சொல்லிவிட்டு அதன் ஸ்பீக்கர் பெட்டியைத் திருப்பி, முதுகுப் பக்கத்தைப் பாருங்கள். வயர் மாட்டும் சிவப்பு, கறுப்பு முனைகளுக்குப் பக்கத்தில் 8 என்றோ, 6 என்றோ, 4 என்றோ ஓர் எண் அச்சாகி இருக்கும். அந்த எண்ணை ஒட்டி, குதிரை லாடம் மாதிரி ஓர் அடையாளமும் இருக்கும்.

அந்த அடையாளம் ஒரு மனிதரின் பெயர்! அவர் பெயர் ஓம். முழுப்பெயர் ஜார்ஜ் சைமன் ஓம். பூட்டு செய்யும் தொழிலாளியின் மகன். பள்ளிக்கூட ஆசிரியர். அவர் வாழ்ந்த காலத்தில் ஸ்பீக்கரும் கிடையாது, ஆம்ப்ளிஃபயரும் கிடையாது. ஆனாலும், எந்த ஸ்பீக்கருக்கு எந்த ஆம்ப்ளிஃபயர் பொருந்தும் என்று இன்று நாம் தெரிந்துகொள்வது அவர் கண்டுபிடித்த விதியால்தான்.

எப்படி? வாருங்கள், அவருடைய கதையைத் தெரிந்துகொள்வோம்!

பூட்டுப் பட்டறையில் ஒரு பள்ளிக்கூடம்

இன்றைய ஜெர்மனியில் உள்ள ஊர் எர்லாங்கன். அங்கே 1789ஆம் ஆண்டு மார்ச் 16ஆம் தேதி பிறந்தார் ஓம். அப்பா ஜோஹன் வுல்ஃப்காங் ஓம், பூட்டும் சாவியும் செய்து பிழைத்தவர். பெற்றோருக்கு 7 குழந்தைகள் பிறந்தன. ஆனால், பிழைத்து வளர்ந்தவர்கள் மூன்றே பேர். ஓமுக்குப் பத்து வயதாகும்போது அம்மாவும் இறந்துபோனார்.

அப்பா பெரிய படிப்பு எதுவும் படித்தவர் இல்லை. ஆனால், கணக்கிலும் அறிவியலிலும் அவருக்கு அளவில்லாத ஆசை. புத்தகங்களைத் தேடிப் பிடித்துத் தானாகவே கற்றுக்கொண்டார். கற்றுக்கொண்டதை மகன்கள் ஜார்ஜுக்கும் மார்ட்டினுக்கும் சொல்லிக்கொடுத்தார். ஊரில் இருந்த உயர்நிலைப் பள்ளியில் கிடைத்ததைவிட, அப்பாவிடம்தான் அவர்கள் அதிகமாகக் கணக்குக் கற்றார்கள்.

பூட்டுத் தொழில் என்பது சாமானிய வேலை இல்லை. சாவியின் பல் கொஞ்சம் கூடினாலும் குறைந்தாலும் பூட்டு திறக்காது. உலோகத்தை அளந்து, தேய்த்து, மறுபடி அளந்து சரிபார்க்க வேண்டும். பிற்காலத்தில் தன் ஆராய்ச்சிக் கருவிகளைத் தானே செய்துகொள்ள ஓமுக்குக் கைகொடுத்தது, அப்பாவின் பட்டறையில் கண்ட வேலைதான்.

ஓமுக்கு 15 வயதானபோது, எர்லாங்கன் பல்கலைக்கழகப் பேராசிரியர் லாங்ஸ்டார்ஃப் அண்ணன் தம்பி இருவரையும் சோதித்துப் பார்த்தார். அசந்துபோனார்! கணித உலகில் புகழ்பெற்ற பெர்னூலி சகோதரர்களைப்போல இவர்களும் வருவார்கள் என்று பாராட்டினார்.

ஆட்டமும் கோபமும்

1805ஆம் ஆண்டு பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார் ஓம். இத்தனை கெட்டிக்காரப் பையன், விழுந்து விழுந்து படித்திருப்பார் என்றுதானே நினைக்கிறீர்கள்? அதுதான் இல்லை! நடனம், பில்லியர்ட்ஸ், உறைந்த பனிமீது சறுக்கி விளையாடுவது என்று பொழுதைக் கழித்தார். அப்பாவுக்கு வந்ததே கோபம்! தனக்குக் கிடைக்காத வாய்ப்பை மகன் வீணடிக்கிறானே என்று மனம் வெந்துபோனார். மூன்று அரையாண்டோடு படிப்பை நிறுத்தி, மகனை ஸ்விட்சர்லாந்துக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே 1806இல், காட்ஸ்டாட் என்ற இடத்தில் இருந்த ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியராகச் சேர்ந்தார் ஓம். அப்போது அவருக்கு வயது 17! விளையாட்டுப் பிள்ளையாக இருந்தவருக்கு அங்கேதான் பொறுப்பு வந்தது. பகலில் பாடம் நடத்தினார். மிச்ச நேரத்தில் ஆய்லர், லப்லாஸ் முதலிய கணித மேதைகளின் நூல்களைத் தனியாகப் படித்தார். 1811இல் ஊருக்குத் திரும்பி, அதே பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டமும் வாங்கினார்!

ஆனால், நல்ல வேலை கிடைக்கவில்லை. சம்பளமோ மிகக் குறைவு. பாம்பெர்க் ஊரில் ஒரு பள்ளியில் வேலை பார்த்தார். அந்தப் பள்ளியையே 1816இல் மூடிவிட்டார்கள். மனம் தளராமல் வடிவியல் பாடநூல் ஒன்றை எழுதினார். அதைப் பிரஷ்யாவின் மன்னருக்கு அனுப்பினார். மன்னருக்குப் புத்தகம் பிடித்துப்போயிற்று. 1817இல் கொலோன் நகரப் பள்ளியில் கணக்கும் இயற்பியலும் கற்பிக்கும் வேலை கிடைத்தது. அந்தப் பள்ளியில் ஓமுக்குப் பிடித்த ஒன்று இருந்தது. என்ன தெரியுமா? நல்ல ஆய்வுக்கூடம்!

எட்டுச் செம்புக் கம்பிகள்

1820ஆம் ஆண்டு டென்மார்க்கைச் சேர்ந்த ஓர்ஸ்டெட் ஓர் அதிசயத்தைக் கண்டுபிடித்தார். கம்பியில் மின்சாரம் ஓடினால், பக்கத்தில் இருக்கும் காந்த ஊசி திரும்புகிறது! இதைக் கேள்விப்பட்ட ஓமுக்கு ஒரு யோசனை தோன்றியது. ஊசி எவ்வளவு திரும்புகிறது என்று அளந்தால், கம்பியில் எவ்வளவு மின்சாரம் ஓடுகிறது என்று தெரிந்துவிடுமே!

நீளமான கம்பியில் மின்சாரம் குறைவாக ஓடுகிறது. குட்டைக் கம்பியில் அதிகமாக ஓடுகிறது. எவ்வளவு குறைவு, எவ்வளவு அதிகம்? இதற்குச் சரியான கணக்கு வேண்டும் என்று நினைத்தார் ஓம். சோதனைகள் செய்து, 1825இல் ஒரு கணக்கை வெளியிட்டார்.

அந்தக் கணக்கு தப்பு!

காரணம் கம்பி இல்லை, பாட்டரி! வோல்டா கண்டுபிடித்த பாட்டரிதான் அன்று எல்லோரிடமும் இருந்தது. அதன் சக்தி நிலையாக நிற்காது. கம்பியை மாட்டியதும் எகிறும். கொஞ்ச நேரத்தில் சரியும். தராசே ஆடிக்கொண்டிருந்தால் காய்கறியை எப்படி நிறுப்பது? ஓமின் நிலைமையும் அப்படித்தான்.

அறிவியல் இதழ் ஒன்றின் ஆசிரியரான பொகெண்டார்ஃப் அவருக்கு நல்ல வழி ஒன்று காட்டினார். இரண்டு வேறு உலோகங்களைச் சேர்த்து, ஓர் இணைப்பைச் சூடாகவும் இன்னோர் இணைப்பைக் குளிர்ச்சியாகவும் வைத்தால் மின்சாரம் பிறக்கும். இதைச் சில ஆண்டுகளுக்கு முன்புதான் ஸீபெக் என்பவர் கண்டுபிடித்திருந்தார். ஓம் அதைப் பயன்படுத்தினார். பிஸ்மத், செம்பு இரண்டையும் இணைத்தார். ஒரு முனையைக் கொதிக்கும் நீரில் வைத்தார். மறு முனையைப் பனிக்கட்டியில் வைத்தார். கொதிநீரின் சூடும் பனிக்கட்டியின் குளிர்ச்சியும் மாறாது அல்லவா? மின்சாரமும் ஆடாமல் அசையாமல் வந்தது!

பிறகு, ஒரே தடிமனில் எட்டுச் செம்புக் கம்பிகளை எடுத்தார். நீளம் 2, 4, 6, 10, 18, 34, 66, 130 அங்குலம். ஒவ்வொன்றாக மாட்டினார். மெல்லிய இழையில் தொங்கிய காந்த ஊசி திரும்பும். இழையின் மேல்முனையை முறுக்கி, ஊசியைப் பழைய இடத்துக்கே கொண்டு வருவார். எவ்வளவு முறுக்க வேண்டியிருந்ததோ, அதுதான் மின்சாரத்தின் அளவு. 1826இல் எண்களை எழுதிப் பார்த்தார். இந்தத் தடவை கணக்கு அழகாக விழுந்தது!

இன்னொரு விஷயமும் அந்தக் கணக்கில் தெரிந்தது. வெளியே மாட்டிய கம்பி மட்டும் மின்சாரத்தைத் தடுக்கவில்லை. மின்சாரம் கொடுக்கும் மூலத்துக்குள்ளேயும் கொஞ்சம் தடை இருந்தது. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பிறகு ஆம்ப்ளிஃபயருக்கு உதவும்!

மாடித் தொட்டியும் குழாயும்

ஓம் கண்டுபிடித்த விதி மிகவும் எளிமையானது. உங்கள் வீட்டு மாடியில் தண்ணீர்த் தொட்டி இருக்கிறது. தொட்டி எவ்வளவு உயரத்தில் இருக்கிறதோ, அவ்வளவு வேகமாகக் குழாயில் தண்ணீர் வரும். குழாய் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் தண்ணீர் குறைந்துவிடும்.

மின்சாரமும் இப்படித்தான். தள்ளும் சக்திக்கு மின்னழுத்தம் என்று பெயர். அதை வோல்ட்டில் அளக்கிறோம். ஓடும் அளவு மின்னோட்டம். அதை ஆம்பியரில் அளக்கிறோம். குறுக்கே நின்று தடுப்பது மின்தடை. அதை ஓம் என்ற அலகில் அளக்கிறோம். வோல்ட்டை ஓமால் வகுத்தால் ஆம்பியர் வரும். அவ்வளவுதான்!

இன்று இதைப் பள்ளிப் பாடத்தில் ஒரு வரியில் படித்துவிடுகிறோம். அந்த ஒரு வரிக்காக ஓம் பட்ட பாடு கொஞ்சநஞ்சமில்லை.

கைதட்ட யாரும் இல்லை

1826இல் பள்ளியிலிருந்து ஓராண்டு விடுப்பு எடுத்தார் ஓம். பாதிச் சம்பளம்தான். தம்பி மார்ட்டின் பெர்லினில் கணித ஆசிரியராக இருந்தார். அவரோடு தங்கி, தன் கண்டுபிடிப்பை விளக்கி ஒரு புத்தகம் எழுதினார். 1827இல் புத்தகம் வெளிவந்தது. இனி ஏதாவது ஒரு பல்கலைக்கழகம் அழைத்து வேலை கொடுக்கும் என்று நம்பினார்.

யாரும் அழைக்கவில்லை! அந்தக் காலத்து ஜெர்மனியில் பலருக்கு, இயற்கையைக் கணக்குப் போட்டு விளக்குவது பிடிக்கவில்லை. ஒருவர் அவருடைய புத்தகத்தைக் கடுமையாகத் தாக்கி எழுதினார். இன்னும் பலர் கண்டுகொள்ளவே இல்லை. மனம் உடைந்த ஓம், கொலோன் பள்ளி வேலையையும் விட்டுவிட்டார். பெர்லினில் வாரத்துக்குச் சில மணி நேரம் கணக்குச் சொல்லிக்கொடுத்துக் காலம் தள்ளினார். 1833இல்தான் நூரம்பெர்க் தொழில்நுட்பப் பள்ளியில் நல்ல வேலை கிடைத்தது.

சொந்த நாடு கவனிக்காத கண்டுபிடிப்பை வெளிநாட்டு விஞ்ஞானிகள் கவனித்தார்கள். தங்கள் சோதனைகளில் பயன்படுத்திப் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் கணக்கு சரியாக வந்தது! 1841இல் லண்டனில் உள்ள ராயல் சொசைட்டி, தன் உயர்ந்த விருதான காப்ளி பதக்கத்தை ஓமுக்கு வழங்கியது. புத்தகம் வெளிவந்து 14 ஆண்டுகள் கழித்து! அப்போது ஓமுக்கு வயது 52.

காதுக்கும் ஒரு விதி

ஓம் மின்சாரத்தோடு நிற்கவில்லை. 1843இல் ஒலியைப் பற்றியும் ஒரு விதி சொன்னார். நாதஸ்வரமும் தவிலும் ஒன்றாக ஒலிக்கும்போது, காதுக்குள் வருவது ஒரே கலவையான அலைதான். ஆனால், நமக்கு இரண்டும் தனித்தனியாகக் கேட்கின்றன அல்லவா? கலவையான ஒலியைக் காது எளிய ஒலிகளாகப் பிரித்து உணர்கிறது என்றார் ஓம். இதற்கும் அப்போது எதிர்ப்பு வந்தது. பிறகு ஹெல்ம்ஹோல்ட்ஸ் என்ற பெரிய விஞ்ஞானி இதை எடுத்துக்கொண்டு வளர்த்தார். காது வேலை செய்யும் விதம் இன்னும் சிக்கலானது என்று பின்னர் தெரிந்தாலும், ஓம் காட்டிய வழி முக்கியமான தொடக்கமாக இருந்தது.

1852இல் ம்யூனிக் பல்கலைக்கழகத்தில் பேராசிரியர் பதவி கிடைத்தது. வாழ்நாள் எல்லாம் ஆசைப்பட்ட பதவி அது! ஆனால், இரண்டே ஆண்டுகள்தான் அதில் இருந்தார். 1854ஆம் ஆண்டு ஜூலை 6ஆம் தேதி காலமானார்.

27 ஆண்டுகள் கழித்து, 1881இல் பாரிஸ் நகரில் உலக மின்னியல் மாநாடு கூடியது. மின்தடையின் அலகுக்கு ஓம் என்றே பெயர் வைத்தார்கள். ஆங்கில எழுத்தான ஓ-வை எழுதினால் பூஜ்யம் என்று நினைத்துவிடுவார்கள் அல்லவா? அதனால் ஒமேகா என்ற கிரேக்க எழுத்து அடையாளமாகிவிட்டது. ஸ்பீக்கரின் முதுகில் இருக்கும் லாடம் அதுதான்!

ஸ்பீக்கருக்கு ஏற்ற ஜோடி எது?

1925இல் அமெரிக்காவைச் சேர்ந்த ரைஸ், கெல்லாக் இருவரும், இன்றைய ஸ்பீக்கருக்கு முன்னோடியான ஒலிபெருக்கியை விளக்கினார்கள். ஓமின் முதல் சோதனை வெளிவந்து சரியாக 100 ஆண்டுகள் கழித்து! காகிதக் கூம்பு, அதன் பின்னால் கம்பிச் சுருள், சுற்றிலும் காந்தம். சுருளில் மின்சாரம் ஓடினால் கூம்பு முன்னும் பின்னும் அசைந்து ஒலி எழுப்பும். ஓம் வைத்திருந்ததும் கம்பியும் காந்தமும்தான், பார்த்தீர்களா?

சி.டி. பிளேயரிலிருந்தோ, போனிலிருந்தோ வரும் மின்சாரம் மிகவும் மெலிந்தது. அதனால் பெரிய கூம்பை அசைக்க முடியாது. அதைப் பெருக்கிக் கொடுப்பதுதான் ஆம்ப்ளிஃபயர். இப்போது ஒரு கணக்குப் போடுவோமா?

ஆம்ப்ளிஃபயர் 16 வோல்ட் கொடுக்கிறது. 8 ஓம் ஸ்பீக்கரை மாட்டினால் 2 ஆம்பியர் ஓடும். வோல்ட்டையும் ஆம்பியரையும் பெருக்கினால் வாட் வரும். ஆக, 32 வாட். அதே ஆம்ப்ளிஃபயரில் 4 ஓம் ஸ்பீக்கரை மாட்டுங்கள். இப்போது 4 ஆம்பியர், 64 வாட்! அட, சத்தம் கூடுகிறதே, நல்லதுதானே என்கிறீர்களா? அவசரப்படாதீர்கள்! இரண்டு மடங்கு மின்சாரம் கொடுக்க அந்த ஆம்ப்ளிஃபயருக்குத் தெம்பு வேண்டுமே! தெம்பு இல்லாவிட்டால் சூடாகும். நல்ல ஆம்ப்ளிஃபயராக இருந்தால் தானே நின்றுவிடும். இல்லாவிட்டால் உள்ளே இருக்கும் டிரான்சிஸ்டர்கள் கருகிப்போகும்.

அதனால் வாங்கும் முன்பு இவற்றைக் கவனிக்க வேண்டும்:

* ஆம்ப்ளிஃபயரின் பின்பக்கத்தில், குறைந்தது எத்தனை ஓம் ஸ்பீக்கரை மாட்டலாம் என்று போட்டிருப்பார்கள். ஸ்பீக்கரின் எண் அதற்குச் சமமாகவோ, அதிகமாகவோ இருக்க வேண்டும்.

* ஒரே முனையில் இரண்டு 8 ஓம் ஸ்பீக்கர்களைப் பக்க இணைப்பில் மாட்டினால், இரண்டும் சேர்ந்து 4 ஓம் ஆகிவிடும். தண்ணீர் போக இரண்டு குழாய் கிடைத்தது போல! ஒன்றன்பின் ஒன்றாக, தொடர் இணைப்பில் மாட்டினால் 16 ஓம் ஆகும்.

* பழைய பாணி வால்வு ஆம்ப்ளிஃபயர்கள் பலவற்றில் 4, 8, 16 ஓமுக்கு என்று தனித்தனி முனைகள் இருக்கும். ஸ்பீக்கரின் எண்ணுக்கு ஏற்ற முனையில்தான் மாட்ட வேண்டும்.

* ஸ்பீக்கர் வயர் ஒல்லியாகவும் நீளமாகவும் இருந்தால் தடை கூடும். எட்டுக் கம்பிகள் சொன்ன பாடம் இது. தடிமனான வயர், தேவையான நீளம் மட்டும்!

* வாட் எண்ணை மட்டும் பார்த்து மயங்காதீர்கள். ஒரே ஒரு வாட் கொடுத்தால், ஒரு மீட்டர் தூரத்தில் எவ்வளவு சத்தம் என்று டெசிபலில் போட்டிருப்பார்கள். 87 டெசிபல் ஸ்பீக்கருக்கு 20 வாட் தேவைப்படும் சத்தத்தை, 90 டெசிபல் ஸ்பீக்கர் 10 வாட்டிலேயே தந்துவிடும்!

* சின்ன ஆம்ப்ளிஃபயர்தானே, ஸ்பீக்கரை என்ன செய்துவிடும் என்று முழுச் சத்தத்தில் வைக்கக் கூடாது. சக்திக்கு மீறி முறுக்கினால் ஒலி அலையின் உச்சிகள் வெட்டுப்படும். பாட்டுக் கரகரக்கும். உயர்ந்த ஒலிகளைத் தரும் சின்ன ஸ்பீக்கரான ட்வீட்டர் எரிந்துபோகலாம்.

இன்னொரு விஷயம். ஸ்பீக்கரில் 8 ஓம் என்று போட்டிருந்தாலும், அது எப்போதும் 8 ஆகவே இருக்காது. தாழ்ந்த ஒலிக்கு ஓர் அளவு, உயர்ந்த ஒலிக்கு ஓர் அளவு என்று பாட்டுக்குப் பாட்டு ஏறி இறங்கும். இதற்கு இம்பிடன்ஸ் என்று பெயர். அச்சிட்டிருப்பது பொதுவான ஓர் அளவுதான். இப்படி ஏறி இறங்கினாலும், நல்ல ஆம்ப்ளிஃபயர் தன் வோல்ட்டை ஆடவிடாமல் நிறுத்தும். அதற்கு அதனுள்ளே இருக்கும் தடை மிகச் சிறியதாக இருக்க வேண்டும். மூலத்துக்குள்ளும் தடை இருக்கிறது என்று ஓம் கண்டாரே, அது இங்கே உதவுகிறது! வோல்டாவின் பாட்டரி மாதிரி ஆட்டம் போடாமல், கொதிநீரும் பனிக்கட்டியும் போல நிலையாக நிற்பதுதான் நல்ல ஆம்ப்ளிஃபயர்.

புளூடூத் ஸ்பீக்கர் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. அதற்குள்ளேயே ஆம்ப்ளிஃபயர் இருக்கிறது. செய்தவர்களே ஜோடி பார்த்துப் பொருத்திவிடுகிறார்கள். ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும், குட்டீஸ். ஆம்ப்ளிஃபயரின் மூடியைத் திறப்பதோ, பிளக் செருகியிருக்கும்போது வயரை மாற்றுவதோ கூடவே கூடாது!

முதல் கணக்கு தப்பானபோது, இது நமக்கு வராது என்று ஓம் ஒதுங்கிவிடவில்லை. தப்பு எங்கே இருக்கிறது என்று தேடினார். பாட்டரியில் இருக்கிறது என்று கண்டதும் அதை மாற்றினார். பரீட்சையில் ஒரு கணக்கு தப்பாகப் போனால் நீங்களும் விடையை மட்டும் அழித்துவிட்டு உட்கார்ந்துவிடாதீர்கள். எந்த வரியில் தடம் மாறியது என்று தேடிப் பாருங்கள். கண்டுபிடித்துவிட்டால், அடுத்த கணக்கு உங்கள் கைக்குள் வந்துவிடும்!